கேமரா எடுக்கப் போகிற காசிமேட்டுப் பிள்ளைக்கு

கண்ணு, உனக்குக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, டிஜிட்டல் ஆர்ட், வீடியோ ஆர்ட் என்று பிராஜெக்ட் கொடுக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். “அது சினிமாவா, சீரியலா?” என்றும் கேட்டாள். “ரெண்டும் இல்லம்மா, கதை சொல்லியே தீரணும்னு கட்டாயம் இல்லாத படம்” என்று சொல்லிவைத்தேன். ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வீடியோ எடுத்தே எனக்கு வயதாகிவிட்டது. பிற்காலத்தில் உன்னைப் போன்ற பிள்ளைகள் என் எடிட்டிங் அறைக்கு வந்து தங்கள் பிராஜெக்ட்டை வெட்டி ஒட்டினார்கள். பட்டனும் மெனுவும் யூடியூபில் கற்றுக்கொள்ளலாம். அங்கே கிடைக்காத சிலவற்றை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

1. முதலில் ஆளைப் பார், பிறகு ஃப்ரேமைப் பார்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் களைகட்டிவிடும். ஆயிரக்கணக்கில் பணம் பெறுமான வஞ்சிரமும் சங்கராவும் வாய்ச்சொல்லில் கைமாறும். சொன்ன விலையிலிருந்து பின்வாங்குகிறவனை மறுநாள் யாரும் மதிக்கமாட்டார்கள். நீயும் அந்தச் சந்தைக்குச் சொல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறாய். எதற்காக எடுக்கிறாய், எங்கே காட்டப் போகிறாய், முடித்ததும் அவர்களிடம் கொண்டுவந்து காட்டுவாயா, இந்த மூன்றையும் சொல்லிவிட்டு எடு. ஒரு கல்யாணத்தில் கடைசி வரிசையில் இருந்த ஓர் ஆயா, கேமரா திரும்பும்போதெல்லாம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். “வெக்கப்படுறாங்க, நீங்க எடுங்கண்ணே” என்றார்கள் வீட்டார். வெட்கமா, வேண்டாமா என்பதைக் கண்ணே சொல்லிவிடும். நான் கேமராவைத் திருப்பிக்கொண்டேன். பந்தி முடிந்ததும் அவரே வந்து, “பொண்ணு பக்கத்துல என்னை மட்டும் ஒண்ணு எடு” என்றார். அந்த கேசட்டிலேயே அழகான முகம் அதுதான்.

2. கருவி இல்லை என்று சாக்குச் சொல்லாதே.

பக்கத்து பெஞ்சில் இருப்பவன் விலை உயர்ந்த கேமராவோடு வருவான். வரட்டும். வீடியோ ஆர்ட்டின் முன்னோடி என்று உலகம் சொல்லும் கொரியாவின் நாம் ஜூன் பைக், 1974இல் ஒரு புத்தர் சிலையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே உட்காரவைத்தார். ஒரு கேமரா சிலையைப் பார்க்கிறது. புத்தர் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் அந்தப் படைப்பு. இன்றும் அதைப் பற்றி எழுதுகிறார்கள். நமக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. மும்பையின் ‘கேம்ப்’ கலைக்குழு 2013இல் வெளியிட்ட ‘ஃப்ரம் கல்ஃப் டு கல்ஃப் டு கல்ஃப்’ படத்தில் கட்ச் பகுதி மாலுமிகளும் அவர்களோடு கடலோடிய மற்றவர்களும் தங்கள் செல்போனில் எடுத்த காட்சிகள் நிறைய உண்டு. மரக்கப்பலில் சமையல், சரக்கு, அலை, தாங்களே சேர்த்த பாட்டு, எல்லாம் அதில் இருக்கிறது. நம் படகுகளில் போகிற அண்ணன்களின் போனில் இதைவிட நல்ல காட்சி இருக்காதா? போய்க் கேள். உன் முதல் பிராஜெக்ட் அவர்களின் போனுக்குள்ளேயே இருக்கலாம்.

3. ஒரே இடத்தில் நின்று பார்க்கப் பழகு.

ஜெர்மனியின் திரைப்பட இயக்குநர் ஹாருன் ஃபரோக்கியும் அவர் மனைவி ஆன்ட்யே ஏமானும் 2011 முதல் ஊர் ஊராகப் பட்டறை நடத்தினார்கள். பெங்களூரும் அதில் ஒன்று. தலைப்பு: உழைப்பு. விதி: ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் ஒரே ஷாட், வெட்டு கூடாது. எளிதாகத்தான் தெரியும். எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எதோடு முடிப்பது என்று யோசிக்கும்போதுதான் அதன் கஷ்டம் புரியும். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னுகிற பெரியவரைக் கவனி. வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். வலை ஊசி கண்ணிக்குள் நுழையும், திரும்பும், முடிச்சு இறுகும், விரல் அடுத்த கண்ணியை அளக்கும். பேச்சு அடுத்தவரோடு நடந்துகொண்டிருக்கும். கண் வலையில் இருக்காது. அந்தக் கட்டைவிரலையும் ஊசியையும் ஒரு நிமிடம் ஆடாமல் எடுத்துக்கொண்டு வா. ஜூம் செய்யாதே. கை பரபரக்கும், அடக்கு. வேறு எதைக் கற்றுக்கொள்ளும் முன்பும் இதைக் கற்றுக்கொள்.

4. ஊர் சும்மா இருக்கும்போதும் போ.

காசிமேட்டுச் சந்தையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை எடுக்க உணவு வீடியோக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு இடித்துக்கொண்டு நீ எடுப்பதற்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது போ. படகுகளைப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், பெயரைப் புதிதாக எழுதுவார்கள். கடன் பேச்சு நடக்கும், சீட்டாட்டம் நடக்கும். வேலை இல்லாத மனிதரிடம் நேரம் இருக்கும். நேரம் இருப்பவரிடம் கதை இருக்கும். பரபரப்பான நாளில் உன்னை விரட்டியவரே தடைக்காலத்தில் டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொல்லுவார். வீடியோவுக்கு மூலப்பொருள் காலம்தான் என்று வகுப்பில் சொல்லுவார்கள். அது எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு மாதத்தில் கண்ணாலேயே பார்ப்பாய்.

5. ஊரை விற்காதே.

வட சென்னை என்றால் அரிவாள், கேரம் போர்டு, பாக்ஸிங், சந்துக்குள் ஓட்டம் என்று சினிமா பலரின் மனதில் ஒரு படத்தைப் போட்டுவைத்திருக்கிறது. 2014இல் வந்த ‘மெட்ராஸ்’ ஒரு சுவரை வைத்து இங்குள்ள அரசியலைப் பேசியது. 2018இல் ‘வடசென்னை’ வந்தது. அவையெல்லாம் உழைத்து எடுத்த படங்கள். அவற்றின் மிச்சத்தைத் தொட்டுக்கொண்டு நீ ஒரு பிராஜெக்ட் செய்தால் மார்க் கிடைக்கும், கைதட்டலும் கிடைக்கும். “இவன் அந்த ஏரியாக்காரன், உண்மையாக எடுத்திருக்கிறான்” என்பார்கள். அந்தப் பாராட்டைக் கண்டு பயப்படு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் டியூஷன் போகிற பெண்ணை யார் எடுத்தார்கள்? தண்ணீர் லாரிக்கு வரிசையாக வைத்த குடங்களில் யாருடையது எது என்று அடையாளம் தெரிந்த அக்காவை யார் எடுத்தார்கள்? உனக்குத் தெரிந்து, வெளியூர்க்காரனுக்குத் தெரியாதது எதுவோ அதுதான் உன் முதலீடு. அதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பூசி மெழுகவும் வேண்டாம்.

6. துயரத்தை எடுக்க ஓடாதே; அது முடிந்த பிறகு போ.

2017 ஜனவரி 28இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. மனிதர்கள் வாளியில் எண்ணெயை மொண்டு ஊற்றிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. எண்ணெய் வந்தபோது கேமராக்களும் வந்தன. கரை கழுவியதும் கேமராக்கள் போய்விட்டன. வலையில் ஒட்டிய பிசுக்கு மட்டும் போகவில்லை, மீன் வாங்க வருகிறவரின் தயக்கமும் போகவில்லை. அந்தப் பிந்தைய நாட்கள்தான் உன் வேலை. பத்திரிகைக்காரர் அன்றைக்கே அனுப்பியாக வேண்டும். உனக்கு அந்த அவசரம் இல்லை. மாதம் ஒருமுறை அதே படித்துறையில், அதே கோணத்தில் ஒரு ஷாட் எடு. ஒரு வருஷம் கழித்து வரிசையாக ஓட்டிப் பார். நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தேவையிருக்காது.

7. இடத்தை வெறும் பின்னணியாக நினைக்காதே.

2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வீடியோவை வகுப்பில் ஒருநாள் போட்டுக் காட்டுவார்கள். எழுதியவர் கபேர் வாசுகி. எண்ணூர் கழிமுகத்தில், அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே, முகமூடியும் கழுத்துமாக ஒரு கர்நாடக சங்கீத வித்வான் நிற்கிறார். சபாவில் பாடியிருந்தால் அது இன்னொரு பாட்டு. அங்கே நின்று பாடியதால் கேட்பவருக்கு மூச்சு முட்டியது. இடத்தை மாற்றினால் படைப்பு செத்துவிட வேண்டும்; அப்படி ஒன்றைத் தேடு. உன் படத்தைப் பட்டினப்பாக்கத்திலும் எடுத்திருக்கலாம் என்றால், காசிமேட்டை நீ இன்னும் பார்க்கவில்லை.

8. உப்புக்கும் பனிக்கும் மின்சாரத்துக்கும் மரியாதை கொடு.

இது முழுக்கத் தொழில் அறிவுரை, மனதில் வைத்துக்கொள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப் லைட் நொடிக்கு நூறு முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும், படத்தில் பட்டை பட்டையாக ஓடும். விடியற்காலை ஏலத்தை விளக்கு வெளிச்சத்தில் எடுப்பதானால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வை. ஐஸ் ஃபேக்டரிக்குள்ளிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீர் பூத்துவிடும்; தேய்க்காதே, தானாகத் தெளியும்வரை காத்திரு. கடற்காற்றில் லென்ஸ் மேல் உப்பு படியும். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் துடை. துறைமுக வேலிக்குப் பக்கத்தில் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட்டு வீட்டாரைக் காவல் நிலையத்துக்கு அலையவிடாதே.

9. காதைக் கண்ணுக்கு அடிமையாக்காதே.

பிள்ளைகள் எடுத்துவரும் காட்சிகள் நன்றாக இருக்கும். சத்தத்தைக் கேட்டால் காற்று மட்டும் இரைந்துகொண்டிருக்கும். அதை மறைக்க ஒரு சோகப் பியானோவைப் போடுவார்கள். ஏழை மனிதர் திரையில் வந்தாலே வயலின் அழ வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? அவர் அப்போது சிரித்துக்கொண்டிருந்தார் என்பதை அந்த இசை விழுங்கிவிடும். மைக்கில் ஒரு பஞ்சு உறை மாட்டு. கேமராவை மூடிவைத்துவிட்டு, சத்தத்தை மட்டும் பதிவு செய்ய ஒருநாள் போ. ஐஸ் நொறுக்கும் இயந்திரம், டீசல் இன்ஜின் இருமுவது, ஏலம் விடுபவரின் குரல் ஏறுவது, தட்டுவண்டிச் சக்கரம், தூரத்தில் கப்பல் ஹாரன். அதை வைத்தே ஒரு படைப்பு செய்யலாம். கானா பாடுகிற அண்ணன் பாட்டை எடுத்தால் அவரிடம் கேட்டு, அவர் பெயரைப் போட்டு, முடிந்தால் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு எடு.

10. கெட்டுப்போனதைக் குப்பையில் போடும் முன் ஒருமுறை பார்.

பிரான்ஸின் இயக்குநர் ஆனியெஸ் வார்தா 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு படத்துக்காக, எழுபதைத் தாண்டிய வயதில், சின்ன டிஜிட்டல் கேமராவோடு கிளம்பி, அறுவடைக்குப் பின் சிந்தியதைப் பொறுக்கி வாழ்கிறவர்களைப் படமெடுத்தார். ஓரிடத்தில் கேமராவை அணைக்க மறந்து நடந்திருக்கிறார். கயிற்றில் தொங்கிய லென்ஸ் மூடி தரைக்கு மேலே ஆடிக்கொண்டே போனது பதிவாகிவிட்டது. அதைத் தூக்கி எறியாமல் இசை சேர்த்து, மூடியின் நடனம் என்று படத்திலேயே வைத்தார். நம் சென்னையின் ஆவணப்பட இயக்குநர் ஆர்.வி. ரமணியின் கேமராவை 2004 சுனாமி அழித்தது. அந்த இழப்பையும் தனக்கும் அந்தக் கேமராவுக்கும் இருந்த உறவையும் வைத்தே 2011இல் ‘மை கேமரா அண்ட் சுனாமி’ என்று ஒரு படம் செய்தார். போனது போனதுதான், போன விதத்தில் ஒரு படம் இருக்கலாம். ஆனால் சோம்பலால் கெட்டதை இதோடு சேர்க்காதே. பேட்டரி சார்ஜ் போடாமல் போய்விட்டு, இருட்டாக வந்த படத்துக்குத் தத்துவம் சொல்லாதே.

11. வெட்டும்போது இரக்கம் வேண்டாம்; வெட்டியதை மதி.

எடிட்டிங்கை மீன் கழுவுவதோடுதான் ஒப்பிடத் தோன்றுகிறது. செவுளும் குடலும் போக வேண்டும். தலையையும் சேர்த்து எறிந்தால் குழம்புக்கு ருசி இல்லை. நீ கஷ்டப்பட்டு எடுத்தாய் என்பதற்காக ஒரு ஷாட் படத்தில் இருக்கக்கூடாது. மழையில் நனைந்து எடுத்தாயா, இடுப்பளவு தண்ணீரில் நின்றாயா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதே நேரம், அழகாக இல்லை என்று ஒரு மனிதரின் பேச்சைப் பாதியில் நறுக்கினால், அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும். “கடல்ல இப்ப மீனே இல்ல, ஆனாலும் விடமாட்டேன்” என்றவரை “கடல்ல இப்ப மீனே இல்ல” என்பதோடு நிறுத்தினால், அவருடைய வைராக்கியத்தைத் திருடிவிட்டாய். கத்தரி உன் கையில், சொல் அவருடையது.

12. எடுத்ததைப் பத்திரமாக வை.

கடற்கரை ஊரில் வி.எச்.எஸ். கேசட் இருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இருபது வருஷம் கழித்து, “அப்பா நடக்கிற மாதிரி இருக்கிறது இந்த கேசட் ஒண்ணுலதான்” என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டு வருவார்கள். திறந்தால் நாடா முழுக்கப் பூசணம். சிலதைத் துடைத்து மீட்கலாம், பலதை முடியாது. எடுத்தவனுக்கு அது ஒரு கல்யாண ஆர்டர். அந்த வீட்டுக்கு அதுதான் அப்பா. உன் போனில் 4கே-யில் எடுத்தால் நிமிடத்துக்கு 200, 300 எம்பி என்று இடம் போய்விடும். இடம் போதவில்லை என்று அவசரத்தில் அழிக்காதே. அன்று எடுத்ததை அன்றே ஹார்டு டிஸ்கில் போடு. இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். கோப்புக்குத் தேதி, இடம், ஆள் பெயர் எழுது. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்று வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடித் தவிக்காதே.

13. உன் மொழியிலேயே யோசி.

வகுப்பில் ‘கான்செப்ட் நோட்’ கேட்பார்கள். இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிறவர்களின் நடுவில் உன் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்றுமில்லாத படத்துக்கு நாலு பக்கம் எழுதிப் பெயர் வாங்குகிறவர்களும் இருப்பார்கள். நல்ல படத்தை வைத்துக்கொண்டு இரண்டு வரி சொல்லத் தெரியாமல் அழுகிறவர்களும் இருப்பார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முதலில் தமிழில் எழுது, உன் அம்மாவுக்குச் சொல்வதுபோல. அம்மாவுக்குப் புரிந்தால் யோசனை தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம், அதற்கு உதவ ஆள் உண்டு. புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமாரைத் தெரிந்துகொள். மதுரையில் மீன் விற்று வளர்த்த அம்மாவின் பிள்ளை அவர். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார்; தன் அம்மாவின் வாழ்க்கையைப் படங்களோடு எழுதினார்; உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லித் தருகிறார். எங்கிருந்து வந்தோம் என்பதை அவர் மறைக்கவில்லை, அதிலிருந்தே எடுத்தார்.

14. முடி, கொண்டுபோய்க் காட்டு.

பாதியில் நிற்கிற பெரிய கனவைவிட முடிந்த மூன்று நிமிடம் மேல். முடித்ததும் கல்லூரிக்குக் காட்டுவதற்கு முன்போ பின்போ, படத்தில் இருப்பவர்களுக்குக் காட்டு. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய கலை விழா, மேடையை மீனவர் குடியிருப்புக்கே கொண்டுபோனது. உனக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு வேட்டி, இரவலாக ஒரு புரொஜெக்டர் போதும். “என்னப்பா, கதையே இல்ல?” என்பார்கள். சிரிக்காதே, சலித்துக்கொள்ளாதே, அவர்களுக்கு ரசனை இல்லை என்று மனதுக்குள்ளும் நினைக்காதே. உட்கார்ந்து பதில் சொல். “என் கை இவ்ளோ சுருங்கிடுச்சா?” என்று வலை பின்னுகிறவர் கேட்டால், உன் ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் சொல்லிவிட்டார். யாராவது “இதை எடுத்துடு” என்றால் எடுத்துவிடு. காட்டுகிறேன் என்று சொன்னது போலவே இதுவும் நீ கொடுத்த வாக்கின் பகுதிதான். பரிசுப் பணம் வந்தால் அதில் அவர்களுக்கும் ஒரு பங்கு வை. இப்படி ஒரு படத்தை ஒழுங்காக முடித்துவிட்டாயானால், அடுத்த படத்துக்கு நீ கதவைத் தட்டவேண்டியிருக்காது. “நம்ம புள்ள வருது, வழி விடு” என்று ஏலக் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் சொல்லுவார். காசிமேட்டில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது, கண்ணு.